ஒன்றரைப் புளியங்கொட்டை

என் நாத்தனார் செந்தமிழ்ச்செல்வி உட்கார்ந்து பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. கல்வராயன் மலையில் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பாள். எந்தப் பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறதோ அதன் பக்கத்தில் போய் நிற்பாள். திட்ட மாட்டாள். சும்மா நிற்பாள். அந்தப் பிள்ளை தானாக நோட்டைப் பார்க்கும்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் அவள் வகுப்பை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் மலைக்கோயிலுக்குப் போனபோது, "வாங்க அண்ணி, பின்னாடி பெஞ்சுல உட்காருங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் இரண்டு புளியங்கொட்டை இருந்தது. கணக்கைச் சொல்லி முடித்ததும், புரிந்தவர்கள் இரண்டு கொட்டையையும் நோட்டின் மேல் எடுத்து வைக்க வேண்டும். புரியாதவர்கள் ஒன்று மட்டும் வைக்க வேண்டும். வாயைத் திறந்து "புரியல டீச்சர்" என்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம். கொட்டைக்குக் கூச்சம் கிடையாது என்பாள் செல்வி.

அன்று ஒரு பிள்ளை மட்டும் ஒன்றரை வைத்திருந்தது. இடது கையால் எழுதுகிற பிள்ளை. ஒரு கொட்டையைப் பாறையில் உரசி உரசிப் பாதியாக்கி வைத்திருந்தது.

"இது இன்னாடி சங்கவி?"

"பாதிதான் டீச்சர் புரிஞ்சுது. ரெண்டு வச்சா பொய்யாயிடும். ஒண்ணு வச்சாலும் பொய்தான்."

வகுப்பே சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பஸ்ஸில் திரும்பும்போது, "இது பெரிய படிப்பு படிக்கும் அண்ணி" என்றாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது சங்கவி வரவில்லை. அவள் அப்பா அம்மா காப்பித் தோட்டத்து வேலைக்குக் கர்நாடகா பக்கம் போனவர்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும் யாரோ சொன்னார்கள். எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

செல்வி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வாரக் கடைசியில் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு வருவாள். திங்கட்கிழமை விடிந்ததும் கள்ளக்குறிச்சி போய் மலை பஸ் பிடிப்பாள். அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் கம்பி வைத்தார்கள். எழுந்து நடக்க முருகன் அருள் செய்தான். ஆனால் மலை வளைவில் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே மலை தெரியும். நான் துணியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நிற்பாள். "மேகம் எறங்கியிருக்கு அண்ணி. இந்நேரம் ஆறாவது பெஞ்சு பக்கம் சாரல் அடிக்கும். பிள்ளைங்களைத் தள்ளி உட்கார வைக்கணும்" என்பாள். இவள் சொல்கிற பிள்ளைகள் எல்லாம் எப்போதோ படித்து முடித்துப் போனவர்கள்.

இப்படி இருக்கையில்தான் கள்ளக்குறிச்சியிலிருந்து சிவசங்கர் என்று ஒரு தம்பி வந்தார். படிப்பைப் பாதியில் விட்ட மலைப் பெண்களைப் பத்தாவது தனித்தேர்வு எழுத வைக்கிற ஒரு அறக்கட்டளையில் வேலை செய்கிறவர். "பெண்களுக்கு மட்டும் ஆன்லைன் வகுப்பு நடத்தறோம். கணக்குதான் எல்லாருக்கும் இடிக்குது. நீங்க மலை ஏற வேணாம் டீச்சர், வூட்லேர்ந்தே எடுக்கலாம்" என்றார்.

செல்வி சரி என்று சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் சாமி படத்துக்கு அவளே பூ வைத்தாள்.

ஆனால் முதல் வாரம் பெரிய வேதனையாகப் போயிற்று. போனைப் பார்த்து ஒரு மணி நேரம் விடாமல் பேசுவாள். முடித்ததும் தலையணையில் சாய்ந்துகொள்வாள்.

"சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குது அண்ணி. எல்லாம் கறுப்புக் கட்டமா இருக்குது, உள்ள பேரு மட்டும் இருக்குது. ஜன்னலைப் பார்க்கறது யாருன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

எல்லாரும் மைக்கைத் திறந்து வைத்தால் ஆட்டுச் சத்தமும் மிக்சி சத்தமுமாக வரும். அதனால் வகுப்பு தொடங்கியதும் எல்லார் வாயையும் அடைத்துவிட சிவசங்கர் கற்றுக்கொடுத்திருந்தார். யாருக்காவது பேச வேண்டுமென்றால் அவர்களே திறந்துகொள்ளலாம். இன்னொரு சங்கடம், செல்வி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவள். பள்ளிக்கூடத்தில் அந்த அமைதியில்தான் பிள்ளைகள் யோசிக்கும். இங்கே அவள் அமைதியானால், "டீச்சர்! லைன் கட்டாயிடுச்சா டீச்சர்?" என்று தைலம்மாள் கத்துவாள். தைலம்மாள் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய். வகுப்பில் அவள் ஒருத்திதான் தைரியமாக வாயைத் திறக்கிறவள்.

"இல்லைடி, நீங்க யோசிக்கிறதுக்காக சும்மா இருக்கேன்."

"நீங்க யோசிக்க உட்ட நேரத்துல நான் பயந்துகினு போனை ரெண்டு தட்டு தட்டிட்டேன் டீச்சர். இப்ப அதும் யோசிக்குது."

அதிலிருந்து செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டுவிட்டுப் பேனாவால் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பாள். தட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் டீச்சர் இருக்கிறாள், யோசிக்கலாம் என்று அர்த்தம். பாடத்தையும் முன்கூட்டியே சின்னச் சின்னதாகப் பேசி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். தண்ணிக்குப் போகும்போதோ களை வெட்டும்போதோ, சிக்னல் கிடைக்கிற இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். எல்லாரும் கூடுகிற நேரத்தில் கணக்குப் போடுவது மட்டும்தான். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்கு உயிர் வந்தது.

இரண்டாவது மாதம் புதிதாக ஒரு கட்டம் வந்தது. அதில் மாதன் என்று பெயர் இருந்தது.

செல்வி தினமும் ஆரம்பத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாள். அது அவள் பள்ளிக்கூடத்துப் பழக்கம். "செவ்வந்தி?" என்றால் செவ்வந்தி வாயைத் திறந்து, "இருக்கேன் டீச்சர்" என்பாள். "மாதன்?" என்றால் பதில் வராது. "மாதன், யாரு நீங்க? பேச முடியுதா?" அதற்கும் வராது. ஆனால் அந்தக் கட்டம் வகுப்பு முடிகிற வரைக்கும் போகாது.

"யாரு டீச்சர் அந்த மாதன்?" என்றாள் தைலம்மாள். "எங்க ஊர்லயே நாலு மாதன் இருக்காங்க. பேச மாட்டாரு, மூஞ்சியும் காட்ட மாட்டாரு. எங்க வூட்டுக்காரராட்டம் இருக்காரு."

எல்லாரும் சிரித்தாலும் அன்று இரண்டு பெண்கள் சிவசங்கருக்குப் போன் செய்துவிட்டார்கள். யாரோ ஒரு ஆம்பிளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், வூட்டில் தெரிந்தால் எங்களைப் படிக்க விட மாட்டார்கள் என்று. அவரிடமும் மாதன் என்ற பெயரும் ஒரு நம்பரும்தான் இருந்தன. பெண்களுக்கான வகுப்பு, அதனால் செல்வியும் யோசித்துப் பார்த்தாள். கடைசியாக ஒரு தடவை, "மாதன், யாருன்னு சொன்னாத்தான் இங்க இருக்கலாம்" என்று கேட்டாள். பேனாவைத் தட்டிக்கொண்டே வெகுநேரம் காத்திருந்தாள். பதில் இல்லை. வெளியே அனுப்பிவிட்டாள்.

அடுத்த பிரதோஷத்துக்கு ரிஷிவந்தியம் போனோம். அர்த்தநாரீசுவரர் சன்னதியில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். புதிதாக வந்த சின்ன குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். என் பெயரைச் சொன்னேன். "ஆத்துக்காரர் பேரு?" என்றார். நான் வழக்கம்போலச் செல்வியைப் பார்த்தேன்.

"நீங்களே சொல்லுங்கோம்மா, சாமிகிட்டதானே?" என்றார் அவர்.

எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் பெயரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையானாலும் பேங்கானாலும் பக்கத்தில் யாரையாவது சொல்லச் சொல்வேன். எங்கள் அம்மா சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை, அவ்வளவுதான். செல்விதான் அண்ணன் பெயரைச் சொன்னாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கும்பிட, அவள் கை தூக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "அண்ணி, அண்ணன் பேரைச் சொல்லி யாராவது உங்களைக் கூப்புட்டா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னாடி கேள்வி இது? அவர் பேருக்கு நான் எப்புடி 'ஏன்'னு கேக்கறது?"

"எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்புட்டா? அப்பாவும் அங்கேயே உட்கார்ந்துகினு இருந்தா?"

மாமனார் உயிரோடு இருந்த காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. "வூட்டுக்கு வந்த புதுசுல மாமா எதிர்ல நான் பேசினதே கெடையாதே. அடுப்பங்கரைக்குள்ள போயிடுவேன்."

"அய்யோ அண்ணி" என்றாள். "அந்தப் போனு மாமனார் போனா இருந்தா? நான் தினம் அவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீ யாரு, வாயைத் தொறன்னு சொல்லிகினு இருந்திருக்கேன். படிக்க வந்த பொண்ணை வெளியே தள்ளிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் சிவசங்கரிடம் விவரத்தைச் சொல்லி அந்த நம்பரை வாங்கினாள். கூப்பிட்டால் மாமனார்தான் எடுப்பார், அந்தப் பெண்ணைப் பேசச் சொன்னால் அதற்குச் சங்கடம் என்று யோசித்து, வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மாதன் ஐயாவுக்கு வணக்கம். கணக்கு டீச்சர் பேசறேன். தெரியாம உங்க போனை வகுப்பை விட்டு அனுப்பிட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்க வூட்டுல படிக்கிற பொண்ணு வாயைத் தொறக்கவே வேணாம். முகமும் காட்ட வேணாம். கையை மட்டும் காட்டினாப் போதும். ரெண்டு புளியங்கொட்டை எடுத்து வச்சிக்கச் சொல்லுங்க."

அனுப்பிவிட்டு என் சமையலறைக்கு வந்தாள். இரண்டு செம்பைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பாலம் மாதிரி போனைப் படுக்க வைத்தாள். போனின் கண் தரையைப் பார்த்தது. கீழே நோட்டை வைத்தால் நோட்டும் கையும் மட்டும்தான் தெரிந்தன. வீடும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

"இதை எப்புடி அண்ணி மறந்தேன்? கொட்டையை மலையிலயே உட்டுட்டு வந்துட்டேனே" என்று செம்பைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் வகுப்பில் எல்லாரும் அப்படியே செய்தார்கள். கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே கைகள். மண் காயாத கை, மருதாணி வைத்த கை, குழந்தை வந்து பிடித்து இழுக்கிற கை. தைலம்மாள் நோட்டின் மேல் கோழி ஒன்று நடந்து போயிற்று. "அதுக்கும் அட்டெண்டன்ஸ் போடுங்க டீச்சர்" என்றாள் அவள். செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் மறுபடியும் பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

மாதன் மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரமும் போயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் பேர் கூப்பிட்டு முடித்த பிறகு, பேனாவைக் கொஞ்ச நேரம் சும்மா தட்டிக்கொண்டிருப்பாள்.

"பசங்க காத்துகினு இருக்காங்க, ஆரம்பிம்மா" என்பேன்.

"இருங்க அண்ணி, சிக்னல் கெடைக்க நேரமாகும்" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு போடுவதாக நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக வேண்டிக்கொள்வது அதுதான் எனக்கு முதல் தடவை.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள், பாதி வகுப்பில், அந்தப் பெயர் வந்தது. கறுப்பாகவே இருந்தது. செல்வி பேரைச் சொல்லவில்லை. ஒன்றும் நடக்காத மாதிரிக் கணக்கைச் சொல்லி முடித்தாள். "சரி, எல்லாரும் கொட்டையை வையுங்க" என்றாள். பேனாவைத் தட்டினாள்.

கட்டம் திறந்தது. கீழே பலா இலைகள் உதிர்ந்து கிடந்த தரை. அதில் ஒரு பழைய நோட்டு. இடது கை ஒன்று வந்தது, ஒரு புளியங்கொட்டையை வைத்தது. கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் இன்னொன்றை வைத்தது. அது உரசிப் பாதியாக்கிய கொட்டை.

செல்வி தட்டுவது நின்றுவிட்டது.

"டீச்சர், லைன் போயிடுச்சா?" என்றாள் தைலம்மாள்.

"இருக்கேன்டி" என்றாள் செல்வி. சங்கவி என்று கூப்பிட வாய் எடுத்தது எனக்குத் தெரிந்தது. கூப்பிடவில்லை. மாமனார் பக்கத்தில் இருப்பார், பேரைச் சொல்லி அழைத்து ஒன்று கிடக்க ஒன்று ஆகி, மறுபடி போய்விட்டால் என்ன செய்வது? அதனால், "மாதன் ஐயா வூட்டுப் பொண்ணே, எந்த வரியில பாதி நின்னுது? வெரலை வை" என்றாள். விரல் வந்து மூன்றாவது வரியில் நின்றது. செல்வி அந்த வரியிலிருந்து திரும்பச் சொன்னாள். பாதிக் கொட்டை போய் முழுக்கொட்டை வந்தது.

மாசி முடிகிற வரைக்கும் இப்படித்தான். மாலையில் ஒரு கை வரும், கணக்குப் போடும், போகும். கையில் வளையல் மாறியிருந்தால் செல்விக்குத் தெரியும். ஒரு நாள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அன்று செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. "மொகம் எப்புடி இருக்கும் அண்ணி இப்ப? பதினாலு வயசுல பார்த்தது" என்று கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? "நல்லா இருக்கும்மா" என்பேன்.

கணக்குத் தேர்வு கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காலையிலேயே கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன். ஆனாலும் தாமதமாகிவிட்டது, எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். வாசலில் வேப்பமரத்து நிழலில் மலையிலிருந்து கூட வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க கொஞ்சம் உட்காரலாம் அண்ணி" என்றாள் செல்வி.

அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "அம்மா, நீங்க கணக்கு டீச்சரம்மாவா?"

"ஆமாங்க."

"நான்தாம்மா மாதன்."

செல்வி கைகூப்பிக் கும்பிட்டாள். அவர்தான் பேசினார். "தெனம் சாயங்காலம் பேரைச் சொல்லிக் கூப்புட்டீங்களே. பலாமரத்தடியிலதான் சிக்னலு, என் கட்டிலும் அங்கதான். நானும் ஒவ்வொரு நாளும் எழுந்து நின்னுகினு 'இருக்கேம்மா'ன்னு சொன்னேன். உங்களுக்குக் கேக்கவே இல்ல. அப்புறம் வெளிய போன்னுட்டீங்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒரே விசனமா பூடுச்சு."

வகுப்பில் எல்லார் மைக்கையும் அடைத்து வைத்ததில் அவர் வாயும் அடைபட்டிருக்கிறது.

"தப்பு என்னுதுங்க ஐயா" என்றாள் செல்வி. "அப்புறம் நான் பேசி அனுப்பினதைக் கேட்டீங்களா?"

"போனு ரிப்பேரும்மா. சங்கராபுரத்துல குடுத்து வாங்க நாளாயிடுச்சு. வந்ததும் கேட்டேன். மருமவப் பொண்ணைக் கூப்புட்டு, கையைத்தான காட்டணும், காட்டு தாயீன்னேன். அது உங்ககிட்ட படிச்ச பொண்ணாமே? அதுக்கப்புறந்தான் சொல்லுச்சு. அதும் எங்கிட்ட இல்ல, எங்க வூட்டு அம்மாகிட்ட."

மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். செல்வி தடியை ஊன்றி எழுந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள். இடது கையில் பேனாவைப் பிடித்தபடி ஒரு பெண் வந்து, மாமனாரைக் கண்டதும் தலையைக் குனிந்து, மறுபடி நிமிர்ந்தது. அப்போதுதான் செல்வியைப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

செல்வி இரண்டு அடி எடுத்து வைத்தாள். "எப்புடிம்மா எழுதின?"

பெரியவர் பக்கத்தில் இருந்ததால் அது பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, செல்வியின் கையை விரித்து, இரண்டு முழுப் புளியங்கொட்டையை வைத்தது. முடிச்சில் இன்னும் ஒன்று இருந்தது. அந்தப் பாதிக் கொட்டை. அதைத் திரும்ப முடிந்துகொண்டது.

"அதையும் டீச்சரம்மாகிட்ட குடுத்துடேன்" என்றார் மாதன்.

"இது பதினொண்ணாவதுக்கு மாமா" என்றது சங்கவி. மெதுவாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டு அதுவே பயந்துபோய் மாமனாரைப் பார்த்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்சு வந்துடும், அம்மாகிட்ட பேசிகினு வா" என்று தள்ளிப் போய் நின்றார்.

என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நானும் தள்ளித்தான் நின்றேன். செல்வி அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்திருந்தது மட்டும் தெரிந்தது. மலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரமே போய்விட்டார்கள்.

இரண்டு கொட்டையும் எங்கள் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் இருக்கின்றன. செல்வி இப்போதும் மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேகம் இறங்கியிருந்தால், பலாமரத்தடியில் இன்று சிக்னல் கிடைக்காது என்கிறாள்.